குடையின் நடுத்துண்டு

சஞ்சீவ்: ...இல்ல தனு, நல்லா பார்த்துட்டுத்தான் சொல்றேன். ஏணியில ஏறி, கையால தொட்டே பார்த்துட்டேன். அது அக்காவோட கூறை.

தனுஜா: கூறைன்னா... கல்யாணச் சேலையா?

சஞ்சீவ்: ம்.

தனுஜா: போங்கலா. விளையாடாதீங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல கண்காட்சிக் கதவைத் திறக்கணும். விளக்கு மாட்டுங்கன்னு ஏத்தி விட்டா, மேல உக்காந்துகிட்டு கதை விடுறீங்க.

சஞ்சீவ்: இது விளையாடுற மூஞ்சியா? சிவப்புப் பட்டு, சரிகையில கட்டம் கட்டமா. ஓரத்துல ஒரு எண்ணெய்க் கறை இருக்கு பாரு. அது நான் போட்ட கறை. அக்கா கல்யாணத்தன்னைக்கு கேசரித் தட்டோட போய் மோதிட்டேன். அம்மா என்னை மண்டபம் பூரா விரட்டினாங்க.

தனுஜா: அந்தக் கறையா... ஐயோ. அதை மறைக்கத்தான் ஒரு பால் டின் மூடியை வச்சுத் தைச்சேன்.

சஞ்சீவ்: பாதிதான் மறைஞ்சிருக்கு.

தனுஜா: ஒரு வருஷமா, மழை விட்டப்புறம் ரோட்டோரமா கிடந்த குடைக் கம்பியெல்லாம் பொறுக்கி... இவ்ளோ பெரிய குடை கட்டி... நடுவுக்கு மட்டும் நல்லதா ஒண்ணு வேணும்னு தேடிக்கிட்டே இருந்தேன். மத்ததெல்லாம் ஸ்கூல் பினஃபோர், பேக்டரிச் சட்டை, கிழிஞ்ச குடைத் துணி. இது ஒண்ணுதான் பையில பளபளன்னு இருந்துச்சு.

சஞ்சீவ்: அது இருந்த விதத்தைப் பார்த்தாவது யோசிச்சிருக்கலாம்ல? எங்க வீடுகள்ல கூறையை வெள்ளைத் துணியில சுத்தி, வேப்பிலை போட்டுத்தான் வைப்பாங்க.

தனுஜா: வேப்பிலை கொட்டுச்சு. பூச்சிக்குப் போட்டிருக்காங்கன்னு நினைச்சேன். அந்த வெள்ளைத் துணி...

சஞ்சீவ்: அது எங்க?

தனுஜா: அதையும் விடல. விளிம்புல மடிச்சுத் தைச்சிருக்கேன்.

சஞ்சீவ்: என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தனுஜா: கேக்கணும்னு தோணவே இல்லைங்க. கூறை எப்படி இருக்கும்னு எனக்கு என்ன தெரியும்? உங்க வீட்டுல யாரு எனக்குக் கூறை குடுத்தாங்க? நம்ம கல்யாணம் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல. நான் கட்டிக்கிட்டது கடையில நானே வாங்கின பச்சைச் சேலை. வேற ஆளுங்க வீட்டுப் பொண்ணுன்னு அம்மா வாசலுக்கே வரல. உங்க பக்கத்துல இருந்து வந்தது ஒரே ஆள். நிரோஷா அண்ணி மட்டும்தான்.

சஞ்சீவ்: சரிலா, தெரியும்...

தனுஜா: அவங்க சேலையிலதான் நான் கத்தரிக்கோல வச்சிருக்கேன். எனக்குன்னு உங்க சொந்தத்துல இருக்குற ஒரே மனுஷி. இனி என்கிட்டப் பேசுவாங்களா?

சஞ்சீவ்: பேசுவாங்க... பேசுவாங்க. என்ன, சாகுற வரைக்கும் பத்திரமா வச்சிருந்து, போகும்போது அதையே போர்த்தி அனுப்புறதுதான் எங்க...

தனுஜா: போதும்! இதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லாதீங்க.

சஞ்சீவ்: சொல்லல, சொல்லல.

தனுஜா: ஆனா பையை அவங்கதானே குடுத்தாங்க? பட்டர்வொர்த் வீட்டு வாசல்ல நின்னு, "ஒண்ணும் கேக்காத தனு, எல்லாத்தையும் வெட்டு"ன்னு அவங்களே தூக்கி வச்சாங்க.

சஞ்சீவ்: பழைய துணின்னு நினைச்சு அலமாரியோட வழிச்சுப் போட்டிருப்பாங்க. தீபாவளிக்கு வீடு துடைக்கிற அவசரம். இதுவும் சேர்ந்து விழுந்திருக்கும்.

தனுஜா: கழட்டிடலாம்ங்க.

சஞ்சீவ்: எதை?

தனுஜா: குடையை. குடையே வேணாம். மத்த சாமான் எல்லாம் இருக்குல்ல? சைக்கிள் செயின்ல செஞ்ச பல்லி, ஸ்விட்ச் மீன், டின் மயில்... அது போதும்.

சஞ்சீவ்: கழட்டுறதா! இதைத் தூக்கிக் கட்டுறதுக்கு, பக்கத்துல தேத்தண்ணி விக்கிற ஹைதர் அண்ணன் கடையை மூடிட்டு ஆளுங்களோட வந்தாரு. இப்ப அவர் கடையில கூட்டம். நீயும் நானும் கயித்த அவுத்தா, குடை நம்ம தலையிலதான் இறங்கும். அப்புறம் நம்மளையே கண்காட்சியில வைக்கலாம்.

தனுஜா: சிரிக்காதீங்க.

சஞ்சீவ்: சிரிக்கலலா... இரு, போன். அக்காதான். ஃபெர்ரி ஏறிட்டாங்களாம். கூட்டம் வர்றதுக்கு முன்னாடி தனியா பார்க்கணுமாம்.

தனுஜா: ஃபெர்ரியா? ஏன், அவங்க காடியை ஓட்டிக்கிட்டு வரலையா?

சஞ்சீவ்: அத்தான் ஜொகூருக்கு எடுத்துட்டுப் போயிருப்பாரு. வேலை அங்கதானே.

தனுஜா: ஃபெர்ரித் துறையில இருந்து நடந்தாலே வந்துடுவாங்க. ஏங்க... கழட்ட முடியாட்டி மறைச்சிடலாமா?

சஞ்சீவ்: எதை வச்சு?

தனுஜா: ஏதாவது துணி. உள்பக்கமா, கம்பியோட சேர்த்துக் கிளிப்புப் போட்டு. கீழ இருந்து பார்த்தா நடுத்துண்டு தெரியக் கூடாது.

சஞ்சீவ்: காடியில என் கைலி ஒண்ணு கிடக்கு. நீலம்.

தனுஜா: துவைச்சதா?

சஞ்சீவ்: அதை ஏன் கேக்குற.

தனுஜா: என் முதல் கண்காட்சி. அதுக்கு நடுவுல உங்க அழுக்குக் கைலி!

சஞ்சீவ்: நீதானே சொல்லுவ, வீட்டுல தூக்கிப் போடுற எதுவும் குப்பை இல்லைன்னு.

தனுஜா: எடுத்துட்டு வாங்கலா, ஓடுங்க!

சஞ்சீவ்: ஓடிட்டேன்... இந்தா. ஏணியைப் பிடி. கெட்டியாப் பிடி... கிளிப்பு குடு. இன்னொண்ணு.

தனுஜா: துணிக் கிளிப்பு தாங்குமா?

சஞ்சீவ்: கைலி என்ன இரும்பா? தாங்கும். எப்படி இருக்கு?

தனுஜா: வீட்டுக்குப் பின்னாடி கொடியில காயப் போட்ட மாதிரி இருக்கு.

சஞ்சீவ்: வானம்னு சொல்லிக்கலாம். நீல வானம். யாராவது கேட்டா ஆழமா ஏதாவது சொல்லு.

தனுஜா: மேல உண்மையான வானம் கறுத்துக்கிட்டு வருது, அதைப் பாருங்க. இந்தக் கடைவீட்டு முத்தத்துக்குக் கூரை இல்லைன்னுதான் இங்க கட்டினேன். மழை விழணும், குடை மேல படணும், விளிம்புல கட்டியிருக்கிற டின் மூடியெல்லாம் சத்தம் போடணும், எல்லாரும் கீழ நிக்கணும்னு... இப்ப மழை வந்துடக் கூடாதேன்னு வேண்டிக்கிட்டு நிக்கிறேன்.

சஞ்சீவ்: வராது. பினாங்கு மழைக்கு என்னைத் தெரியும்.

நிரோஷா: சஞ்சீவ்! கதவைச் சாத்தி வச்சுகிட்டு உள்ள என்னடா பண்றீங்க ரெண்டு பேரும்?

தனுஜா: வந்துட்டாங்க. முகத்தைச் சரியா வைங்க!

சஞ்சீவ்: இதுதான் என் முகம். என்ன பண்றது... வா அக்கா, வா வா. சாத்தல, சும்மா இழுத்து விட்டிருக்கு.

தனுஜா: வாங்க அண்ணி... ஐயோ, முடி! இடுப்பு வரைக்கும் இருந்துச்சே!

நிரோஷா: வெட்டிட்டேன்லா. பாரமா இருந்துச்சு. நல்லா இல்லையா?

தனுஜா: ரொம்ப நல்லா இருக்கு. சின்னப் பொண்ணு மாதிரி இருக்கீங்க.

நிரோஷா: அப்படியே சொல்லிக்கிட்டு இரு. அம்மா வர்றாங்கன்னு சொன்னீங்களே, எங்க?

சஞ்சீவ்: முட்டி வலியாம். கெப்பாலா பத்தாஸ்ல இருந்து இவ்ளோ தூரம் முடியாதுன்னுட்டாங்க.

நிரோஷா: அப்பாடா.

சஞ்சீவ்: என்னக்கா அப்பாடா?

நிரோஷா: இல்ல... பஸ்ஸு, ஃபெர்ரின்னு ஏறி இறங்கி அலையணும்ல, அதுக்குச் சொன்னேன். தனுவுக்கு மூஞ்சி ஏன் இப்படி வேர்த்து ஊத்துது?

தனுஜா: புழுக்கம் அண்ணி. வாங்க, இங்க வந்து பாருங்க. ஸ்விட்ச் மீன். இடிச்ச வீட்டுல இருந்து எடுத்த பழைய ஸ்விட்ச் எல்லாம் செதிளா வச்சிருக்கேன். இதை அழுத்துங்க, டொக்குன்னு கேக்கும்.

நிரோஷா: ஏ, நல்லா இருக்கே! டொக்கு... டொக்கு... சின்ன வயசுல நம்ம வீட்டு ஹால்ல இதே ஸ்விட்ச்தான்டா. சரி, குடை எங்க? குடை குடைன்னு போன்ல அவ்ளோ சொன்னியே.

சஞ்சீவ்: அதுக்கு முன்னாடி பல்லியைப் பாருக்கா. சைக்கிள் செயின் பல்லி. வால் ஆடும்.

நிரோஷா: பல்லி ஓடிடாது. அப்புறம் பார்க்கிறேன்.

சஞ்சீவ்: தே குடிக்கிறியா? ஹைதர் அண்ணன் கடையில போய் தே தாரிக் வாங்கிட்டு வரேன். நீயும் கூட வா, அவரைப் பார்த்து ரொம்ப நாளாச்சுல்ல.

நிரோஷா: வந்த உடனே வெளிய தள்ளுறான் பாரு. கையை விடுடா... அடேயப்பா! தனு! இதுவா?

தனுஜா: இதுதான் அண்ணி.

நிரோஷா: ஒரு கல்யாணக் கூட்டமே கீழ நிக்கலாம் போலருக்கே! இதெல்லாம் நீயே தைச்சியா? இது... இது என் பினஃபோர்! இந்தப் பொத்தான் இடுக்குல நான் பேனாவால பேரு எழுதுவேன், டீச்சர்கிட்ட ரோத்தான் பிரம்பால அடி கூட வாங்கியிருக்கேன். பேரு இன்னும் இருக்கு பாரு.

தனுஜா: தெரியும் அண்ணி. பேரு வெளிய தெரியுற மாதிரிதான் வச்சுத் தைச்சேன்.

நிரோஷா: அந்தச் சாம்பல் கலரு? உங்க அத்தானோட பேக்டரிச் சட்டைதானே?

தனுஜா: ஆமா. விளிம்புல வச்சிருக்கேன்.

நிரோஷா: நல்ல எடம். மழை வந்தா முதல்ல நனையும்.

சஞ்சீவ்: அத்தான் பார்த்தா சிரிப்பாரு. எப்ப வர்றாரு? தீபாவளிக்கும் காணோமே.

நிரோஷா: வேலைலா... ஜொகூர்ல வேலை. தனு, நான் குடுத்த பை ரெண்டையும் தைச்சிட்டியா?

தனுஜா: தைச்சிட்டேன் அண்ணி.

நிரோஷா: எல்லாத்தையுமா? மிச்சம் எதுவும் இல்லையா?

தனுஜா: எல்லாம்... பெரும்பாலும்...

நிரோஷா: அதுல ஒண்ணு, வெள்ளைத் துணியில சுத்தி இருந்துச்சே. அதைப் பிரிச்சுப் பார்த்தியா?

தனுஜா: வெள்ளைத் துணியா... அது வந்து...

சஞ்சீவ்: அது வீட்டுல பத்திரமா இருக்குக்கா! தொடவே இல்ல. உன் கூறைதானே? பார்த்த உடனே நான்தான் எடுத்து வச்சேன். நாளைக்கே கொண்டாந்து குடுத்துடறேன், கவலைப்படாத.

நிரோஷா: வெட்டலையா?

சஞ்சீவ்: சே, சே! அதைப் போய் யாராவது வெட்டுவாங்களா?

நிரோஷா: ஓ.

சஞ்சீவ்: என்னக்கா, ஒரு மாதிரி ஆயிட்ட?

நிரோஷா: ஒண்ணும் இல்லடா. பத்திரமா இருக்குல்ல... சரி. நல்லதுதான். இந்த நீலம் என்ன, நடுவுல? கோணல் மாணலா தொங்குது.

தனுஜா: அது... வானம் அண்ணி.

நிரோஷா: வானத்துக்குத் துணிக் கிளிப்பா?

சஞ்சீவ்: இப்பல்லாம் இப்படித்தான்க்கா செய்றாங்க. மாடர்ன் ஆர்ட்.

நிரோஷா: இது கைலிடா. உன் கைலி. மூணு தீபாவளிக்கு முன்னாடி நான் வாங்கிக் குடுத்தது. எனக்குத் தெரியாதா?

தனுஜா: அண்ணி, தூறல் விழுது. இங்க நிக்காதீங்க, வாங்க உள்ள போலாம்.

நிரோஷா: குடைக்குக் கீழ நிக்கிறவளை மழைக்காக உள்ள கூப்பிடுறியே! மழை வரட்டும்லா. இந்தச் சத்தம்... டின்னா? பால் டின்னு மூடியா?

தனுஜா: ஆமா. ஹைதர் அண்ணன் கடையில தினம் தூக்கிப் போடுற மூடி.

நிரோஷா: எவ்ளோ அழகா கேக்குது. சலங்கை மாதிரி... ஏய், பெருசா பிடிச்சிருச்சு. காத்தும் சேர்ந்துகிட்டுச்சு.

சஞ்சீவ்: அக்கா, நகரு. சொல்றேன்ல, நகரு. தையல் வழியா தண்ணி இறங்குது, கைலி நனைஞ்சு கனமாயிடும்...

நிரோஷா: நனைஞ்சா என்ன? உன் கைலிக்கு இன்னைக்காவது தண்ணி... அம்மா!

தனுஜா: அண்ணி!

சஞ்சீவ்: விழுந்திருச்சா? தலையிலயா விழுந்துச்சு? எடு, எடு. அடி பட்டுச்சாக்கா?

நிரோஷா: ஈரக் கைலி அடிச்சு எவன்டா செத்தான்? சீ, என்னடா இது, மண்ணெண்ணெய் நாத்தம்! கிளிப்பு ஒண்ணு முடியில... ஆங், எடுத்தாச்சு. நல்ல வேளை முடியை வெட்டினேன்...

தனுஜா: அண்ணி...

சஞ்சீவ்: அக்கா. மேல பார்க்காத. இரு, நான் சொல்றேன்...

நிரோஷா: பார்த்துட்டேன்.

தனுஜா: அண்ணி, சத்தியமா எனக்குத் தெரியாது. பழைய சேலைன்னு நினைச்சேன். கூறையை நான் கண்ணால பார்த்ததே இல்ல. தெரிஞ்சிருந்தா தொட்டிருப்பேனா? உங்களுக்கு நான் இப்படிச் செய்வேனா? என்னைத் திட்டுங்க, ரெண்டு அடி கூட அடிங்க. பேசாம மட்டும் இருந்துடாதீங்க...

நிரோஷா: சஞ்சீவ், அந்த விளக்கை மேல திருப்பு.

சஞ்சீவ்: அக்கா...

நிரோஷா: திருப்புடா. நல்லா தெரியல.

சஞ்சீவ்: ம். இப்ப?

நிரோஷா: கட்டத்துக்குக் கட்டம் பிரிச்சு வெட்டியிருக்கா. சரிகை ஒண்ணு கூட வீணாகல. சுத்தி வச்சு... நடுவுல ஒரே ஒரு டின் மூடி. உன் கேசரிக் கறை மேலதானே அது?

தனுஜா: அண்ணி, நீங்க அழுறீங்களா?

நிரோஷா: இல்லடி. பைத்தியம், சிரிக்கிறேன்.

சஞ்சீவ்: சிரிக்கிறியா?

நிரோஷா: வீட்டுல பத்திரமா இருக்கு, நாளைக்குக் கொண்டாந்து குடுக்குறேன்னு சொன்ன பாரு... எனக்குப் பயமாயிடுச்சு. மறுபடியும் அது என் அலமாரிக்கே வந்துடுமோன்னு.

தனுஜா: அப்படின்னா... தெரியாம வந்து விழலையா?

நிரோஷா: வெள்ளைத் துணியில சுத்தினது எப்படி தெரியாம வந்து விழும்? நான்தான் வச்சேன். பையோட அடியில, என் கையால.

தனுஜா: அண்ணி!

சஞ்சீவ்: அட, போக்கா! நாங்க ரெண்டு பேரும் செத்துப் பிழைச்சோம் இங்க! இவ குடையையே கழட்டிடலாம்னு நின்னா!

நிரோஷா: கழட்டியிருந்தா உன்னைக் கொன்னிருப்பேன் தனு. வா இங்க. அழாத. வான்னா, கண்ணைத் துடை.

தனுஜா: நீங்க இனிமே என் வாசலுக்கே வர மாட்டீங்கன்னு நினைச்சுட்டேன்.

நிரோஷா: வராம எங்க போவேன்? தம்பி வீடுன்னு வரல, உன் வீடுன்னுதானே வரேன். இவன் சமையலுக்கா வருவேன்?

சஞ்சீவ்: சரி, சரி. என் காலை வாருறது உனக்குப் புதுசா? ஆனா ஏன்க்கா? கூறையைப் போய் ஏன் குடுத்த?

நிரோஷா: மடிச்ச மடிப்பிலேயே கிடந்தா பட்டு இழை விட்டுடும்டா. பார், இங்க மழையில எப்படி நிமிர்ந்து நிக்குது.

சஞ்சீவ்: அதுக்குன்னு?

நிரோஷா: அதுக்குத்தான்னு வச்சுக்கோ. போய் கதவைத் திற, வெளிய ஆளுங்க மழையில நிக்கிறாங்க பாரு. எல்லாரையும் குடைக்குள்ள கூப்பிடு.

தனுஜா: ஒரு நிமிஷம் இருங்க. அண்ணி, இதை மட்டும் பார்த்துடுங்க. துணி குடுத்தவங்க பேரையெல்லாம் அட்டையில எழுதி மாட்டியிருக்கேன். உங்க பேருதான் முதல்ல. பெரிய எழுத்துல.

நிரோஷா: எங்க... "நடுத்துண்டு தந்தவர், திருமதி நிரோஷா தேவகுமார், பட்டர்வொர்த்."

தனுஜா: பிடிச்சிருக்கா?

நிரோஷா: பேனா இருக்கா?

தனுஜா: ஏன் அண்ணி, எழுத்துத் தப்பா?

நிரோஷா: எழுத்து சரிதான்டி, பேருதான் பழசு. ஜொகூர்ல வேலைன்னு உங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தது நான்தான். அவருக்கு இப்ப வீடே அங்கதான், வேற ஆளோட. கோர்ட்டுல எல்லாம் முடிஞ்சு போச்சு. அம்மாவுக்கு இன்னும் சொல்லல, சொல்லிக்கலாம். அந்தச் சேலையை எடுத்து எத்தனையோ நாள் கத்தரிக்கோல வச்சுப் பார்த்தேன் தனு, கை வரல. கோயிலுக்குக் குடுத்தா கேள்வி வரும், குப்பையில போட மனசு வராது. ஒண்ணும் கேக்காம வெட்டுற கை உன்கிட்டதான் இருந்துச்சு. ஏய், ரெண்டு பேரும் இப்படி முழிக்காதீங்க, நான் அழுது முடிச்சு ரொம்ப நாளாச்சு. குடு பேனாவை. வெறும் "நிரோஷா"ன்னு எழுதிடறேன், நீங்க கதவைத் திறங்க.